துண்டு இல்லாமல் ‘ரெண்டு நாளைக்கு’: திருகோணமலைப் பாமசிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், நிலாவெளி, குச்சவெளிப் பக்கங்களிலும் பாமசி நடத்துகின்ற ஐயாமார், அம்மாமார், நானாமார் எல்லோருக்கும், அவர்களின் கவுண்டரில் நிற்கின்ற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அதனால் இந்த மடலில் கொஞ்சம் வாத்தியார் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டொக்டரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் கொடுப்பதை நிறுத்துங்கள். அதுவும் ஒரு கடை, இரண்டு கடை அல்ல. எல்லோரும் ஒன்றாகப் பேசி, ஒரே நாளில் நிறுத்துங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை அமைத்த சட்டத்தின் கீழும் இருக்கிறது: அன்ரிபயோட்டிக் துண்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்து. இதை அறியாமல் ஒருவரும் விற்கவில்லை. விற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறது. விடிய விடியக் கடலில் கிடந்து வந்த ஒருவர். ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வரிசையில் நின்றால் அன்றைய பொழுது போய்விடும், தனியார் டொக்டரிடம் போனால் கையில் இருப்பது போய்விடும். “தம்பி, தடிமன். சளி பச்சையா வருது. போன முறை தந்த சிவப்பும் மஞ்சளுமான குளிசையில ரெண்டு நாளைக்குத் தாங்க.” இல்லை என்று சொன்னால் அவர் நாலு கடை தள்ளிப் போய் வாங்குவார். அடுத்த மாதச் சாமானையும் அங்கேதான் வாங்குவார். இந்த நிலையில் உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

அந்த மனிதர் பொய்யும் சொல்லவில்லை. போன முறை அந்தக் குளிசையைப் போட்டார், சுகமானார். கண்ணால் கண்டது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சுகமாக்கியது குளிசையா, உடம்பா?

தடிமனைத் தருகின்ற வைரஸ்கள் 200 வகைக்கு மேல் உண்டு. அதில் ஒன்று மூக்கின் உட்பக்கக் கலங்களுக்குள் புகுந்ததும், தாக்கப்பட்ட கலமே இன்ரபெரோன் என்ற புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்துக் கலங்களை உசார்ப்படுத்துகிறது. அதைத் தொடர்ந்து இரத்தத்தில் கலக்கிற இரசாயனங்கள்தான் உடம்பு உளைவையும் அசதியையும் தருகின்றன. செய்தி மூளையின் அடியிலுள்ள ஹைபோதலமசுக்குப் போனதும், உடம்பின் வெப்பம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது வைத்திருக்கும் அளவைக் கூட்டிவிடுகிறது. காய்ச்சல் ஏறும்போது குளிர்ந்து நடுங்குவது இதனால்தான். ஆக, காய்ச்சல் கிருமி மூட்டிய நெருப்பு இல்லை, உடம்பு தானாகக் கூட்டிக்கொண்ட வெப்பம். பனடோல் அந்த அளவைத் திரும்ப இறக்கும். ஒரு கிருமியையும் கொல்லாது.

இனிப் பச்சைச் சளி. கவுண்டரில் அன்ரிபயோட்டிக் வாங்கித் தருவதில் இதை விஞ்சிய சாட்சி கிடையாது. சளி பச்சையானால் கிருமி முற்றிவிட்டது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். நமது எலும்பு மச்சை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களைச் செய்து அனுப்புகிறது. இவை வெண்குருதிக் கலங்களில் முதலில் ஓடி வருபவை. வந்து, சண்டையிட்டு, ஒரு நாள் இரண்டு நாளில் சாகின்றன. இவற்றுக்குள் மயலோபெரொக்சிடேஸ் என்றொரு நொதியம் இருக்கிறது. இரும்பு சேர்ந்தது, இயல்பிலேயே பச்சை. சளியில் இறந்த நியூட்ரோபில்கள் கூடினால் சளியும் பச்சையாகும். வைரஸ் தடிமனிலும் ஆகும், பற்றீரியாத் தொற்றிலும் ஆகும். நிறத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது. அந்தப் பச்சை கிருமியின் நிறமே அல்ல, நம்முடைய ஆட்களின் நிறம்.

இதற்கிடையில் வேறு சில கலங்கள் கிருமியின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று அம்மாமார் தடவிப் பார்க்கிறார்களே, அந்த இடம்தான். அங்கே கோடிக்கணக்கான நிணநீர்க் கலங்களுள் இந்தத் துண்டுக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு சில தேர்ந்தெடுக்கப்பட்டு, பெருகி, பிறபொருளெதிரிகளைச் செய்யத் தொடங்குகின்றன. புதிய கிருமி என்றால் இதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை தேவை. பிறகு சில கலங்கள் ஆண்டுக்கணக்காக அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும். தடுப்பூசி முழுவதும் இந்த நினைவை நம்பித்தான் இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தடிமன் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகிறது. ஆள் பாமசிக்கு வருவதும் அன்றைக்குத்தான். குளிசையைப் போடுகிறார். அடுத்த இரண்டு மூன்று நாளில் குறைகிறது. குளிசை போடாத அவருடைய தம்பிக்கும் அதே நாளில்தான் குறைந்திருக்கும், ஆனால் அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வைரசின் மேல் அன்ரிபயோட்டிக் வேலை செய்ய வழியே இல்லை. பென்சிலின் குடும்பம் பற்றீரியாவின் கலச்சுவர் கட்டப்படுவதைக் குழப்புகிறது, வைரசுக்கு அப்படி ஒரு சுவரே கிடையாது. வேலை செய்த உடம்புக்கு ஒரு நன்றியும் இல்லை, பெயர் குளிசைக்கு.

மருந்தா, உடம்பா என்ற இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற வேலைதான் மருந்து ஆராய்ச்சியின் முதுகெலும்பு. ஸ்ரெப்ரோமைசினின் கதையை வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன், இங்கேயும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாரியின் முதல் மழை விழுந்ததும் ஒரு மண்வாசனை எழும்புமே, அதைத் தருவதில் பெரும் பங்கு மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசெஸ் இனத்துப் பற்றீரியாக்களுக்கு. அந்த இனத்தில் ஒன்றிலிருந்து 1943இல் அமெரிக்காவில், மண்ணின் நுண்ணுயிர்களை ஆராய்ந்த வக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் அல்பேர்ட் சட்ஸ் என்ற மாணவர் பிரித்தெடுத்ததுதான் ஸ்ரெப்ரோமைசின். சயரோகத்துக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து. ஆனால் சயரோகமும் சிலருக்குத் தானாக அடங்கும், சிலரைக் கொல்லும். மருந்து போட்டவர்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் அந்த மருந்து எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கவில்லை. அந்தத் தட்டுப்பாட்டையே ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்ட 107 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு அந்தக் காலத்து வைத்தியமான படுக்கை ஓய்வு மட்டும் என்பதை எந்த டொக்டரும் தீர்மானிக்கவில்லை. எழுமாற்று எண்களை வைத்து முன்கூட்டியே தீர்மானித்து, மூடிய உறைகளில் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். 1948இல் முடிவு வெளியானது. இன்றுவரை புது மருந்துகளைச் சோதிப்பதற்கு அதுவே வழிகாட்டி.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 32 பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 35 பேர். ஆறு மாதத்தில் தெரிந்த அந்தப் பெரிய வித்தியாசம் அனேகமாகக் கரைந்துபோயிருந்தது. காரணம், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களின் நெஞ்சுக்குள் இருந்த கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிட்டது. அதன் பிறகுதான் சயரோகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அன்றைய டொக்டர்கள் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை. அவ்வளவு கவனமாகக் கொடுத்தும் அப்படி நடந்தது. நாங்கள் தடிமனுக்கு நாலு குளிசை வெட்டிக் கொடுக்கிறோம்.

உங்கள் இறாக்கையில் செபலெக்சின், செபுரொக்சிம், செபிக்சிம் என்ற அன்ரிபயோட்டிக்குகள் எல்லாம் இருக்கும். அவற்றின் பிறப்பு துறைமுக ஊர்க்காரரான நமக்குப் பிடித்தமான கதை. இத்தாலியின் சார்டினியாத் தீவில் காக்லியாரி என்ற துறைமுக நகரம். அங்கே ஜியூசெப்பே புரொட்சு என்ற பேராசிரியர், நகரத்தின் கழிவுநீர் கடலில் விழுகிற இடத்து நீரை அள்ளி ஆராய்ந்து, 1945இல் பற்றீரியாவைக் கொல்லுகிற ஒரு பூஞ்சணத்தைக் கண்டுபிடித்தார். உள்ளூரில் உதவி கிடைக்காமல் அது ஒக்ஸ்போர்டுக்குப் போனது. அங்கே எட்வேர்ட் ஏப்ரகாமும் அவருடன் இருந்தவர்களும் செபலொஸ்போரின் சீ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை மூலமாகக் கொண்ட முதல் மருந்து விற்பனைக்கு வந்தது 1964இல். சாக்கடை வாயிலிருந்து பாமசிக்கு வர 19 ஆண்டு. இன்றைக்கும் வேகம் அவ்வளவுதான். ஆய்வுகூடம், மிருகங்கள், பிறகு சில பத்து ஆரோக்கியமான ஆட்கள், சில நூறு நோயாளர், சில ஆயிரம் நோயாளர் என்று ஏறிவரப் பத்து ஆண்டுக்கு மேல் போகும். மனிதரில் சோதிக்கத் தொடங்குகிற பத்து மருந்தில் ஒன்பது இடையிலேயே விழுந்துவிடும்.

இதே ஏப்ரகாம்தான் 1940இல், பென்சிலின் ஒரு நோயாளியைக்கூடக் குணமாக்க முந்தியே, பென்சிலினை வெட்டி எறியும் நொதியம் சில பற்றீரியாவிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று, ஒக்ஸ்போர்டில் பென்சிலினை ஆராய்ந்த செயின் என்பவருடன் சேர்ந்து எழுதியவர். செபலொஸ்போரின் மேல் அவருக்கு ஆர்வம் வந்ததற்கு ஒரு காரணம், அந்த நொதியத்தால் அதை வெட்ட முடியவில்லை என்பது. இன்று அதையும் வெட்டுகிற நொதியங்கள் பற்றீரியாவிடம் வந்துவிட்டன. சிறுநீர்த் தொற்றோடு வருகிறவர்களில் சிலருக்குக் குளிசை எதுவும் பிடிக்காமல், வார்ட்டில் படுக்க வைத்து ஊசி ஏற்ற வேண்டி வருவது அதனால்தான்.

தடிமனுக்குக் கொடுத்த குளிசை வைரசை ஒன்றும் செய்யாது என்றால், சும்மா வெளியே போய்விடும்தானே, கெடுதல் என்ன என்று கேட்பீர்கள். சுருக்குவலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கடலூரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அது வேண்டிய மீனை மட்டும் அள்ளுவதில்லை. குளிசையும் குடலில் இருக்கிற அப்பாவிப் பற்றீரியாவை எல்லாம் வாரிக்கொண்டு போகும். தப்புவது எது? அந்த மருந்துக்கு அடங்காதது. சாப்பாடும் இடமும் தாராளமாகக் கிடைக்க, அது பெருகும். அடங்காமைக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் வைத்து வேறு இனப் பற்றீரியாவுக்கும் கொடுக்கும். ஆளுக்கு ஒரு வருத்தமும் தெரியாது. மாதக்கணக்கில் குடலில் கிடந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றி, அப்புறம் ஒருநாள் மகளின் சிசேரியன் காயத்திலோ தகப்பனின் சீனி வருத்தப் புண்ணிலோ தலைகாட்டும். அந்த நேரம் நீங்கள் கொடுத்த நாலு குளிசை யாருக்கும் ஞாபகம் வராது. மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளால் நேரடியாக இறந்தவர்கள் 2019இல் மட்டும் உலகம் முழுவதும் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் வெளிவந்த மதிப்பீடு சொல்கிறது.

புது மருந்து வரும்தானே என்ற நம்பிக்கையும் வேண்டாம். அன்ரிபயோட்டிக் செய்கிற கம்பனிக்கு இலாபம் குறைவு. இரத்த அழுத்தக் குளிசை என்றால் ஆயுள் முழுக்க விற்கலாம், இது ஒரு கிழமைச் சாமான். அதுவும் நல்லதொரு புது மருந்து வந்தால், அவசரத்துக்கு வைத்திருப்போம் என்று டொக்டர்மார் அலுமாரியில் பூட்டிவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. அமெரிக்காவில் அக்கேயோஜன் என்ற கம்பனிக்கு 2018 யூனில் பிளாசோமைசின் என்ற அன்ரிபயோட்டிக்குக்கு அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் அந்தக் கம்பனி வங்குரோத்து.

நான் அன்ரிபயோட்டிக்கின் எதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். அதை ஒழுங்காகப் போட்டால் உயிர் தப்பும். நியுமோனியாவுக்கு நேரத்துக்குக் கொடுத்த அன்ரிபயோட்டிக்குக்கு ஈடு இல்லை. “கோர்சை முழுக்க முடி” என்பதிலும் இப்போது கொஞ்சம் திருத்தம் வந்திருக்கிறது. பல தொற்றுகளுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாட்கள் போதும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எத்தனை நாள் என்பதை நோயைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் இருக்கிற காசு சொல்லக் கூடாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது டெங்கு. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அந்த ஆண்டு முற்பகுதியில் கிண்ணியா பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கிற நாட்களில் அல்ல, காய்ச்சல் இறங்குகிற நாளில் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு. அப்போதுதான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஆள் அதிர்ச்சி நிலைக்குப் போகிறார். இரண்டாம் நாள் நீங்கள் ஓர் அன்ரிபயோட்டிக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நாலாம் நாள் காய்ச்சல் விடுகிறது. குளிசை பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ஆறுதலாக இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய மணித்தியாலங்கள் அந்த ஆறுதலில் கழிகின்றன. இதில் காய்ச்சலை வேகமாக இறக்க டைக்லோபெனாக், ஐபுபுரொபன் போன்ற நோவு மருந்து ஏதும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இரத்தக் கசிவும் சேரும். காய்ச்சல் என்று வருகிறவருக்கு பனடோல் மட்டும் கொடுங்கள். எத்தனை நாள் என்று கேளுங்கள். மூன்றாம் நாள் என்றால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நீங்கள் கேட்கிற அந்த ஒரு கேள்விக்கு எந்தக் குளிசையும் இணை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு கடை தனியாக மறுத்தால் அந்தக் கடைக்குத்தான் நட்டம், இது எனக்கு விளங்குகிறது. அதனால்தான் தனித்தனியாக வந்து சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன். மத்திய வீதியில் உள்ளவர்கள், என்.சி. வீதியில் உள்ளவர்கள், கிண்ணியா, மூதூர்க் கடைக்காரர் எல்லோரும் ஒரு நாள் கூடுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே அறிவித்தல், தமிழிலும் சிங்களத்திலும்: அன்ரிபயோட்டிக்குக்குத் துண்டு வேண்டும். நாலு கடை தள்ளியும் இதே பதில்தான் என்று தெரிந்தால் கேட்கிறவர் ஒரு மாதத்தில் பழகிவிடுவார். கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கும் அது பெரிய உதவி. இருபது வயதுப் பிள்ளை தன் தகப்பன் வயதுக்காரரிடம் “இல்லை” என்று சொல்வது லேசான வேலை இல்லை, சுவரில் இருக்கிற பலகையைக் காட்டலாம். உணவு மருந்துப் பரிசோதகர்களும் அபராதத் துண்டோடு மட்டும் வராமல் இந்தக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் நல்லது.

இன்னொன்று, துண்டோடு வருகிறவருக்குக் கொடுக்கும்போது அந்தச் சின்னக் கடதாசி உறையில் காலை, இரவு என்று குறிப்பதோடு மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். “ஒரு வெள்ளைக் குளிசை போட்டன் டொக்டர்” என்று சொல்கிற நோயாளியை வைத்துக்கொண்டு வார்ட்டில் என்ன தீர்மானிக்க முடியும்? பென்சிலின் ஒத்துவராதவரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

தடிமனுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால், மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளி, உளைவுக்கு பனடோல், கொத்தமல்லித் தண்ணி, ஓய்வு. இருமல் இரண்டு மூன்று கிழமை இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் அந்தப் பயத்தில்தான் திரும்ப வருகிறார்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ, குறைந்துவந்த காய்ச்சல் திரும்ப ஏறுதல், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை, கர்ப்பிணி, சீனி வருத்தக்காரர் என்றால் நேரே ஆஸ்பத்திரி.

கூட்டத்துக்கு நாள் குறித்தால் எனக்கும் அறிவியுங்கள். பச்சைச் சளியைப் பற்றி அரை மணித்தியாலம் பேச வருகிறேன். அறிவித்தல் பலகைக்கு வாசகம் எழுதித் தருவதும் என் பொறுப்பு. சிங்களத்தில் எழுத நல்ல கையெழுத்துள்ள ஒருவரை நீங்கள் பிடியுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.